மைத்தடத்தில் மனம் தெரியுமா?

முன்னுரை

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் முகத்தைக் கண்டு அகத்தை அறிவது அத்துணை எளிதன்று என்பதை, நம்பிய நண்பனால் ஏமாற்றப்பட்ட எவரும் அறிவர். உயரத்தை அளக்கக் கோல் உண்டு. எடையை அளக்கத் தராசு உண்டு. உடற்சூட்டை அளக்க வெப்பமானி உண்டு. மனத்தை அளக்க என்ன கருவி உண்டு? இவ்வினாவிற்கு விடை காண உளவியலார் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் முயன்றனர். அம்முயற்சிகளுள் பெரும் புகழையும் பெரும் பழியையும் ஒருங்கே பெற்றது மைத்தடச் சோதனை ஆகும்.

காகிதத்தில் மை சிந்தி உண்டான உருவங்களைப் போன்ற பத்து அட்டைகள். அவற்றைப் பார்த்து ஒருவர் சொல்லும் சில சொற்கள். இவற்றைக் கொண்டு, இவர் மனநோயாளியா, பிள்ளையை வளர்க்கத் தகுந்த தாயா, சிறையிலிருந்து விடுவிக்கத் தக்கவரா என்பன போன்ற முடிவுகளுக்கு அமெரிக்காவில் துணை தேடியதுண்டு. நம் நாட்டிலும் மருத்துவ உளவியல் பட்ட மேற்படிப்பிலும் மனநல மருத்துவமனைகளிலும் இச்சோதனை இடம்பெற்றுள்ளது. ஆகவே, 'இச்சோதனை தான் அளப்பதாகச் சொல்லும் பொருளை உண்மையிலேயே அளக்கிறதா?' என்னும் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. மனிதர் வாழ்வைத் தொடும் கேள்வி. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டு சோதனையான கதை

மைத்தடம் முதலில் ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. காகிதத்தில் மைத்துளிகளைச் சிந்தி, அதனை நடுவே மடித்து அழுத்திப் பிரித்தால், இருபுறமும் ஒத்த ஓர் உருவம் கிடைக்கும். செருமானிய மருத்துவரும் கவிஞருமான ஜஸ்டினஸ் கெர்னர் 1857-ஆம் ஆண்டளவில் இத்தகைய மைத்தடங்களை உருவாக்கி, அவற்றுக்கேற்ற பாடல்களையும் எழுதினார். பிரான்சு நாட்டு உளவியலறிஞர் ஆல்ஃபிரட் பினே, தம் நண்பர் விக்டர் ஆன்றியுடன் சேர்ந்து, கற்பனைத் திறனை ஆராய மைத்தடத்தைப் பயன்படுத்தலாம் என 1895-இல் எழுதினார். நுண்ணறிவுச் சோதனைக்குத் தந்தை என நம் பாடநூல்கள் போற்றும் பினே இவரே.

இவ்விளையாட்டை மனநோய் ஆராய்ச்சிக்குரிய கருவியாக மாற்றியவர் ஹெர்மன் ரோர்ஷாக். இவர் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிற் பிறந்தார். தந்தையார் ஓவிய ஆசிரியர். மகனுக்கும் ஓவியத்தில் பற்று மிகுதி. பள்ளித் தோழர்கள் இவரை 'கிளெக்ஸ்', அதாவது 'மைக்கறை', என்று பட்டப்பெயரிட்டு அழைத்தனர் என்பது சுவையான செய்தி. மருத்துவம் பயின்று, மனச்சிதைவு நோய்க்கு இன்றுள்ள பெயரை மேனாட்டு மருத்துவ உலகிற்கு வழங்கிய ஆய்கன் பிளாய்லரின் மேற்பார்வையில் ஆராய்ச்சி செய்து, 1912-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1915 முதல் ஹெரிசாவ் என்னும் ஊரின் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றினார்.

ஷிமோன் ஹென்ஸ் என்ற மாணவர் மைத்தடங்களைப் பற்றிய ஆய்வேட்டினை 1917-இல் வெளியிட்டார். நோயாளி என்ன உருவத்தைக் கண்டான் என்பதில் ஹென்ஸ் கருத்தைச் செலுத்தினார். ரோர்ஷாக்கோ, அவ்வுருவத்தை அவன் எவ்வாறு கண்டான் என்பதே முதன்மையானது என்று கருதினார். இவ்வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். இக்கட்டுரையின் முடிவில் இதுவே நமக்குக் கைகொடுக்கும்.

ரோர்ஷாக் 288 மனநோயாளிகளையும் நோயற்ற 117 பேரையும், ஆக 405 பேரைச் சோதித்துத் தம் முடிவுகளை 1921-இல் 'உளநோய் அறிதல்' என்னும் பொருள் தரும் நூலாக வெளியிட்டார். அவர் விரும்பிய அட்டைகள் அனைத்தையும் அச்சிடப் பதிப்பகத்தார் இசையவில்லை. பத்தாகக் குறைத்த பின்னரே நூல் வெளிவந்தது. அச்சுக்கூடத்தில் மையின் அடர்த்தி மாறி, மூலப்படங்களில் இல்லாத நிழற்சாயல்களும் புகுந்தன. நூல் விற்பனையாகவில்லை. அடுத்த ஆண்டே, 1922 ஏப்ரல் 2-ஆம் நாள், குடல்வால் அழற்சி முற்றி, தம் 37-ஆம் வயதில் ரோர்ஷாக் காலமானார். தம் நூலைத் தொடக்க முயற்சி என்றே அவர் கூறியிருந்தார். இதனை நனவிலி மனத்தைத் துழாவும் கருவி என அவர் கருதவில்லை. உருவங்களைப் பொருள்கொள்ளும் திறனை ஆராயும் ஒரு புலன்காட்சிச் சோதனை என்றே கருதினார்.

சோதனை நடைபெறும் முறை

பத்து அட்டைகளுள் ஐந்து கறுப்பும் சாம்பலும் கொண்டவை. இரண்டில் கறுப்புடன் சிவப்பும் உண்டு. எஞ்சிய மூன்றும் பலநிறத்தன. சோதிப்பவர் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, 'இது என்னவாக இருக்கலாம்?' என்று வினவுவார். சோதனைக்குட்பட்டவர் கூறும் விடையைத் துலங்கல் என்பர். துலங்கல்கள் அனைத்தும் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யப்படும். பின்னர் அதே அட்டைகளை மீண்டும் காட்டி, அவ்வுருவம் எப்பகுதியில் தெரிந்தது, எதனால் அவ்வாறு தோன்றிற்று என்று கேட்டறிவர். அதன்பின் துலங்கல்கள் குறியிடப்படும். குறியிடுதலில் நோக்கப்படுவன வருமாறு:

1. இடம்: படம் முழுவதையும் கண்டாரா, ஒரு பகுதியை மட்டும் கண்டாரா?

2. காரணி: வடிவம், நிறம், நிழற்சாயல், அசைவு ஆகியவற்றுள் எது அவரை அவ்விடைக்கு இட்டுச் சென்றது?

3. வடிவப் பொருத்தம்: அவர் கூறிய பொருள் அங்குள்ள வடிவத்திற்கு ஒத்ததாக உள்ளதா? பிறரும் அவ்வாறு காண்கின்றனரா?

4. உள்ளடக்கம்: மனிதனா, விலங்கா, மரஞ்செடியா, உடலுறுப்பா?

எந்த அட்டைக்கு எவ்விடை பெரும்பான்மையோரால் கூறப்படுகிறது என்பதை இங்கே விரித்தெழுதுதல் முறையன்று. வினாத்தாள் முன்னதாக வெளியாகிவிட்ட தேர்வு தேர்வாகாது. 2009-ஆம் ஆண்டில் பத்துப் படங்களும் விக்கிப்பீடியா கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றபோது, உளவியலார் பலர் கடுமையாக எதிர்த்தமைக்குக் காரணம் இதுவே. காப்புரிமைக் காலம் கடந்த படங்களாதலின், அவற்றை நீக்க இயலவில்லை.

அரண்டவன் கண்

ரோர்ஷாக்கின் மறைவுக்குப் பின் இச்சோதனை அமெரிக்காவை அடைந்தது. அங்கே சாமுவேல் பெக், புரூனோ கிளாஃபர் முதலியோர் இதனைப் பரப்பினர். 1939-இல் லாரன்ஸ் ஃபிராங்க் என்பவர் இத்தகைய சோதனைகளைப் புறத்தேற்று முறைகள் என்று பெயரிட்டழைத்தார். பொருள் தெளிவற்ற ஒன்றைக் காணும்போது மனிதன் தன் உள்ளக்கிடக்கையையே அதன்மீது ஏற்றிக் காண்கிறான் என்பது இக்கொள்கை.

இக்கொள்கை நமக்குப் புதியதன்று. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நம் பாட்டிமார் ஒரே வரியில் இதனைச் சொல்லி வைத்தனர். பழமொழி உண்மையே. ஆனால் அதிலிருந்து ஒரு தவறான முடிவுக்குச் செல்லும் வழியும் உண்டு. அரண்டவன் இருளிற் பேயைக் காண்பான் என்பதனால், பேயைக் கண்டேன் என்பவன் எல்லாம் அரண்டவன் என்று ஆகிவிடுமா? நேற்றுப் பார்த்த திரைப்படம் நினைவுக்கு வந்திருக்கலாம், பேய்க்கதை எழுதுபவனாக இருக்கலாம், வேடிக்கைக்காகச் சொல்லியிருக்கலாம், அன்றி அந்த நிழலே பேயுருவம் போல் அமைந்திருக்கலாம். மைத்தடச் சோதனையைப் பற்றிய வாதங்கள் அனைத்தும் இந்த ஓர் இடத்தில்தான் சுழல்கின்றன. மனநிலை காட்சியை மாற்றும் என்பதை எவரும் மறுப்பதில்லை. காட்சியிலிருந்து மனநிலைக்குத் திரும்பிச் செல்லும் பாதை உறுதியானதா என்பதே கேள்வி.

நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும்

எந்த உளச்சோதனைக்கும் இரு பண்புகள் இன்றியமையாதன. முதலாவது நம்பகத்தன்மை. ஒரே மூட்டையை இருமுறை நிறுத்தால் தராசு ஒரே எடையைக் காட்ட வேண்டும். யார் நிறுத்தாலும் அவ்வாறே காட்ட வேண்டும். இரண்டாவது ஏற்புடைமை. எதனை அளப்பதாகச் சொல்கிறோமோ, அதனையே கருவி அளக்க வேண்டும். தராசு எத்துணைச் சீராக இயங்கினாலும், அதனைக் கொண்டு மூட்டையிலுள்ள அரிசியின் சுவையை அளந்தேன் என்றால் யார் ஏற்பர்? நம்பகத்தன்மை இருந்தும் ஏற்புடைமை இல்லாதிருக்கலாம் என்பதற்கு இது சான்று.

மைத்தடச் சோதனை இரண்டிலும் இடர்ப்பட்டது. அமெரிக்காவில் ஐந்து அறிஞர்கள் ஐந்து வகையாகக் குறியிட்டு, ஐந்து வகையாகப் பொருள் கூறினர். பெயர் ஒன்று, முறைகள் ஐந்து. மேலும், புள்ளியியல் அடிப்படையிலும் குறை இருந்தது. ஒருவர் பதினைந்து துலங்கல்கள் தருவார். மற்றொருவர் நாற்பது தருவார். நாற்பது தருபவரிடம் எல்லா வகைக் குறிகளும் மிகுதியாகவே தோன்றும். அவை அவரது ஆளுமையைக் காட்டுகின்றனவா, அன்றிப் பேச்சுத் திறனை மட்டும் காட்டுகின்றனவா? லீ கிரான்பாக் என்னும் பேரறிஞர், இத்தகைய புள்ளியியற் குறைகளை 1949-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். இக்குறையை நீக்க விரும்பிய வேய்ன் ஹோல்ட்ஸ்மன், ஒவ்வொரு தொகுதியிலும் 45 அட்டைகள் கொண்ட இரு தொகுதிகளை அமைத்து, அட்டைக்கு ஒரு துலங்கல் மட்டுமே பெறும் புதிய சோதனையை 1961-இல் வெளியிட்டார். முறையில் மேம்பட்டதாயினும், பழைய பத்து அட்டைகளின் புகழை அது வெல்லவில்லை.

நூரம்பர்க் சிறையில்

பொருள் கூறுதலில் உள்ள இடரை விளக்க, வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், செருமனியின் நாசித் தலைவர்கள் நூரம்பர்க் நகரில் விசாரணைக்குட்படுத்தப்பட்டனர். இலட்சக்கணக்கான யூதர்களைக் கொல்வித்தவர்களின் மனம் எத்தகையது என்று அறிய உலகமே ஆவலுற்றிருந்தது. சிறையில் அமெரிக்க இராணுவ மனநோய் மருத்துவர் டக்ளஸ் கெல்லியும், உளவியலாளர் குஸ்தாவ் கில்பர்ட்டும் கைதிகளுக்கு மைத்தடச் சோதனையை நடத்தினர். கெல்லி இச்சோதனையில் தேர்ந்தவர்; 1942-இல் கிளாஃபருடன் இணைந்து இதைப் பற்றி நூலெழுதியவர்.

விளைவு யாது? இவர்கள் பித்தர்களல்லர், இத்தகைய மனிதர்கள் எந்த நாட்டிலும் காணப்படக்கூடியவர்களே என்றார் கெல்லி. கில்பர்ட்டோ, இவர்கள் இயல்பு பிறழ்ந்த கொடிய உள்ளத்தினர் என்று கண்டார். அதே சிறை, அதே கைதிகள், அதே பத்து அட்டைகள். முடிவுகளோ எதிரெதிர்த் துருவங்கள்.

இவ்வாய்வுப் பதிவுகளை மாலி ஹாரோவர் என்னும் அம்மையார் வல்லுநர் பலருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். அவர்கள் எவரும் கருத்துரைக்க முன்வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து 1975-இல் வெளிவந்த ஒரு நூல், இப்பதிவுகளில் கொடுமனத்தின் அடையாளங்கள் தெளிவாக உள்ளன என்று கூறியது. ஆனால் அந்நூலாசிரியர்கள் யாருடைய பதிவு என்பதை அறிந்தே படித்தவர்கள். ஆகவே ஹாரோவர் 1976-இல் ஒரு நேர்மையான சோதனை செய்தார். நாசித் தலைவர்களின் பதிவுகளை, மதகுருமார்கள், மனநல மருத்துவம் பெறுவோர் ஆகியோரின் பதிவுகளோடு கலந்து, பெயர்களை நீக்கி வல்லுநர்களிடம் கொடுத்தார். இன்னார் பதிவு இது என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்று உண்டு. ஒருவர் யார் என்று அறிந்த பின்னர் அவருடைய துலங்கல்களிற் பொருள் காண்பது எளிது. யாரென்று அறியாத நிலையிற் காண்பதே ஏற்புடைமையின் உரைகல்.

கண்டதாகத் தோன்றும் தொடர்பு

'எங்கள் அனுபவத்தில் இச்சோதனை பொய்த்ததில்லை' என்று பழுத்த வல்லுநர்கள் கூறுவதுண்டு. அவர்கள் பொய்யுரைப்பவரல்லர். பின் எவ்வாறு இந்நம்பிக்கை உண்டாயிற்று? இதற்கு லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்னும் தம்பதியர் விடை கண்டனர். மனித உருவம் வரையும் சோதனையை வைத்து அவர்கள் 1967-இல் நடத்திய ஆய்வில், மாணவர்களுக்குச் சில படங்களைக் காட்டி, ஒவ்வொரு படத்தின்கீழும் வரைந்தவருக்கு உள்ளதாக ஒரு மனக்குறையை எழுதியிருந்தனர். படத்துக்கும் குறைக்கும் எவ்விதத் தொடர்பும் அமையாதவாறு அவை இணைக்கப்பட்டிருந்தன. ஆயினும் மாணவர்கள், 'ஐயவுணர்வு மிக்கவர் கண்களைப் பெரிதாக வரைகின்றனர்' என்று தாம் கண்டதாகவே கூறினர். அனுபவம் மிக்க வல்லுநர்கள் கூறிவந்ததும் அதுவே! மைத்தடங்களைக் கொண்டு 1969-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்விலும் இத்தகைய மயக்கமே வெளிப்பட்டது. சொற்களுக்கிடையே நம் மனத்தில் முன்பே உள்ள உறவை, உலகில் உள்ள உறவாக நாம் கண்டுவிடுகிறோம். மைத்தடத்தில் நோயாளி தன் மனத்தை ஏற்றிக் காண்கிறான் என்றால், நோயாளியின் விடைகளில் வல்லுநரும் தம் மனத்தை ஏற்றிக் காணக்கூடும்.

சோதிக்கப்பட்டவரே 'எனக்கு முற்றிலும் பொருந்துகிறது' என்று வியப்பதும் சான்றாகாது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் பேராசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பின்னர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆளுமை விளக்கம் என்று ஒரு தாளை வழங்கி, அது எவ்வளவு பொருந்துகிறது என ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி மதிப்பெண் 4.26. உண்மையில் அனைவருக்கும் வழங்கப்பட்டது ஒரே விளக்கம்; அதுவும் பெரும்பாலும் கடையில் வாங்கிய சோதிட நூலிலிருந்து எடுத்தது. 'உங்களுக்கு நல்ல மனசு, ஆனால் உங்களைப் புரிந்துகொள்பவர் இல்லை' என்று கிளி சோதிடர் சொல்லும்போது தலையசைக்காதவர் நம்முள் எத்தனை பேர்?

எக்ஸ்னரின் சீரமைப்பு

இக்குறைகளை உணர்ந்து இச்சோதனைக்கு மறுவாழ்வு அளித்தவர் ஜான் எக்ஸ்னர். ஐந்து முறைகளையும் 1969-இல் ஒப்பிட்டு ஆராய்ந்து, அவற்றுள் சான்றுடைய கூறுகளைத் திரட்டி, 1974-இல் 'விரிவான முறை' ஒன்றை அமைத்தார். சோதனை நடத்துவதற்கும் குறியிடுவதற்கும் திட்டவட்டமான விதிகள் பிறந்தன. நோயற்ற பொதுமக்கள் எவ்வாறு விடையளிப்பர் என்பதற்கு ஒப்பீட்டு அளவுகளும் வகுக்கப்பட்டன. சோதனை மீண்டும் அறிவியற் கோலம் பூண்டது.

ஆனால் ஒப்பீட்டு அளவுகளிலேயே விரிசல் தோன்றியது. 1999-இல் வெளியான ஆய்வொன்றில், கலிஃபோர்னியாவில் மனநோயாளிகள் அல்லாத 123 பேர் சோதிக்கப்பட்டனர். எக்ஸ்னரின் அளவுகளின்படி பார்த்தால், அவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் மனச்சிதைவு நோய்க்குரிய எல்லையைத் தொட்டார்! நலமுடன் வாழ்ந்த மக்களை நோயாளிகளாகக் காட்டும் அளவுகோலில் பிழை இருத்தல் வேண்டும் அன்றோ? 2001-இல் எக்ஸ்னரே ஒரு செய்தியை வெளியிட்டார். ஒப்பீட்டுக்கு எடுத்த 700 பதிவுகளுள் 221 பதிவுகள், தவறுதலாக இருமுறை எண்ணப்பட்டவை என்பதே அது.

இங்கு நம் நாட்டைப் பற்றியும் எண்ணுதல் தகும். நம் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் உழவர், ஒரு மைத்தடத்தில் அய்யனார் கோயில் குதிரையைக் கண்டதாகக் கூறுகிறார் எனக் கொள்வோம். அமெரிக்க மக்களின் விடைகளைக் கொண்டு தொகுத்த பட்டியலில் அவ்விடை இருக்காது. 'அரிதான விடை, வடிவப் பொருத்தம் குறைவு' என்று குறியிட்டால், பிழை உழவரின் மனத்திலா, பட்டியலிலா? எவருடைய விடையையும் அவரவர் மண்ணின் மக்களோடு ஒப்பிடுதலே முறையாகும்.

எதிர்ப்பும் ஏற்பும்

இந்நிலையில் ஜேம்ஸ் வுட், ஸ்காட் லிலியன்ஃபெல்டு, ஹோவர்ட் கார்ப் முதலியோர் கடும் திறனாய்வில் இறங்கினர். ஏற்புடைமை நிலைநாட்டப்படும் வரை மருத்துவ மனைகளிலும் நீதிமன்றங்களிலும் இச்சோதனையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கார்ப் 1999-இல் கோரினார். மனச்சோர்வைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட குறியீட்டுத் தொகுப்பு, தனி ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வுகள் பலவற்றில் மனச்சோர்வுற்றோரைப் பிரித்துக் காட்டத் தவறியதை அவர்கள் சுட்டிக்காட்டினர்.

இதற்கு விடையாக ஜோனி மிஹூராவும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் ஒரு பெரும் தொகுப்பாய்வை வெளியிட்டனர். 'மைத்தடச் சோதனை ஏற்புடையதா?' என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பதை விடுத்து, எக்ஸ்னர் முறையின் 65 முக்கிய மாறிகளைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று உண்டு என்று கணக்கிட்டமையே இவ்வாய்வின் சிறப்பு. முடிவுகள் வருமாறு:

மிகச் சிறந்த சான்றுடையவை — 13
நல்ல சான்றுடையவை — 17
ஓரளவு சான்றுடையவை — 10
சான்று சிறிதளவே உள்ளவை அல்லது அறவே இல்லாதவை — 13
உரிய ஆய்வே நடைபெறாதவை — 12

மருத்துவரின் நோயறி முடிவு, பிறரின் மதிப்பீடு போன்ற வெளிச் சான்றுகளோடு ஒப்பிட்டபோது சராசரி ஒட்டுறவுக் கெழு 0.27 ஆகும். ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கூறுவதோடு ஒப்பிட்டபோது அது 0.08 மட்டுமே. 0.27 என்பது சிறியதே. எனினும் வினா நிரல்களால் ஆளுமையை அளக்கும் புகழ்பெற்ற சோதனைகளும் இதற்கு மிக உயர்ந்துவிடவில்லை என்பதை நடுநிலையோடு கூறவேண்டும்.

எவ்வகை மாறிகள் சிறந்த சான்றைப் பெற்றன என்பதே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. புலன்காட்சியும் சிந்தனையும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் காட்டும் மாறிகளே அவை. வடிவத்திற்குப் பொருந்தாத உருவங்களை மீண்டும் மீண்டும் காண்பது, கருத்துகளைத் தொடர்பின்றிப் பிணைத்துப் பேசுவது முதலியன சிந்தனைச் சிதைவுடன் தொடர்புடையன. மாறாக, தன்முனைப்பைக் காட்டுவதாகவும் தனிமையைக் காட்டுவதாகவும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட அளவுகள் கடைநிலையில் நின்றன.

2015-இல் எதிர்ப்பாளர்கள் இத்தொகுப்பாய்வை மீண்டும் ஆராய்ந்தனர். வெளிவராத ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபின், சிந்தனைச் சிதைவையும் அறிதிறனையும் காட்டும் அளவுகளுக்குச் சான்று உண்டென ஏற்று, அவற்றைப் பொறுத்தமட்டில் 'நிறுத்தி வைக்க வேண்டும்' என்னும் தம் கோரிக்கையைத் திரும்பப் பெற்றனர். எஞ்சிய பெரும்பாலானவற்றின் மீது அவர்களுடைய ஐயம் நீங்கவில்லை. நெடுநாள் பகைத்து நின்ற இரு தரப்பாரும் சான்றின் முன் இவ்வளவேனும் ஒன்றுபட்டமை அறிவியலின் பெருமையாகும். இதற்கிடையே 2011-இல், துலங்கல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, சான்றுடைய மாறிகளை மட்டும் தேர்ந்தமைத்த புதிய முறையொன்றும் வெளிவந்தது.

ஒரு சிறு கணக்கு

சான்றுடைய குறியும் எங்கே பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே மதிப்புப் பெறும். இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு குறி நோயாளிகள் 100 பேரில் 80 பேரைச் சரியாகக் காட்டுகிறது. நோயற்ற 100 பேரில் 20 பேரைத் தவறாக நோயாளி என்கிறது எனக் கொள்வோம்.

1000 மாணவர் பயிலும் கல்லூரியில் 20 பேருக்கு அந்நோய் இருக்கட்டும். குறி அவர்களுள் 16 பேரைக் கண்டுபிடிக்கும். நோயற்ற 980 பேரில் 196 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக 212 பேர் நோயாளிகள் எனப் பெயர் பெறுவர். உண்மை நோயாளிகள் 16 பேரே. அதாவது 13 பேரில் ஒருவர். இதே குறியை, 100 பேரில் 50 பேர் நோயாளிகளாக உள்ள மருத்துவமனையில் பயன்படுத்தினால், 40 பேரைச் சரியாகவும் 10 பேரைத் தவறாகவும் காட்டும். ஐந்தில் நான்கு பங்கு சரி. கருவி ஒன்றே, இடம் மாறப் பயன் மாறுகிறது. நோயுண்டோ என்று மருத்துவர் ஐயுறும் ஒருவருக்கு இச்சோதனையால் உதவி கிடைக்கலாம். வேலைக்கு வந்தவரையும் பள்ளியிற் சேரும் பிள்ளையையும் இதனால் சலித்தெடுக்க முற்பட்டால், நலமுடையோர் பலர் வீண்பழிக்கு ஆளாவர். 'மனநோய்' என்னும் முத்திரை நம் சமுதாயத்தில் எளிதில் அழியாதது. திருமணத்தையும் பிழைப்பையும் அது பாதிக்கும்.

மனநலத்தை அறிவது எங்ஙனம்?

ஒருவர் மகிழ்வோடு வாழ்கிறாரா, மனச்சோர்வுற்றிருக்கிறாரா என்று அறிய மைத்தடம் ஏற்ற கருவியன்று. சுய கூற்றோடு அதற்குள்ள 0.08 என்னும் மெல்லிய உறவே இதனைக் காட்டும். 'ஒருவர் தாமே அறியாத மனக்கூறுகளைச் சோதனை காட்டுவதால்தான் இவ்வுறவு குறைவு' என்று ஆதரவாளர் கூறுவர். அது உண்மையாகவே இருப்பினும், தாம் நலமாக உள்ளோமா என்பதைப் பற்றி முதலிற் கேட்கப்பட வேண்டியவர் அவரே அல்லரோ? உலக நலவாழ்வு நிறுவனத்தின் பெயரில் 1998 முதல் வழங்கிவரும் மனநல வினா நிரலில் ஐந்தே வினாக்கள் உள்ளன; கடந்த இரு வாரங்களில் மன மலர்ச்சியோடும் அமைதியோடும் இருந்தீர்களா என்பன போன்ற எளிய வினாக்கள். அவற்றுக்குப் பின், பரிவோடு அமர்ந்து உரையாடுதலும், உறங்குகிறாரா, உண்கிறாரா, வழக்கமான பணிகளைச் செய்கிறாரா என்று வீட்டாரை வினவுதலும் வேண்டும்.

முடிவுரை

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பர். பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஆதலின் ஒரு சோறு பதம் காட்டுகிறது. மனித மனம் அத்தகைய பானையன்று. அச்சம் ஓரிடத்தில் கொதிக்கும். அன்பு ஓரிடத்தில் குளிர்ந்திருக்கும். பத்து அட்டைகளுக்கு அளித்த விடைகளைக் கொண்டு ஒருவருடைய ஆளுமை முழுவதற்கும் பதம் பார்க்க இயலாது.

எனினும் சோதனை முழுவதும் பொய் என்று தள்ளுவதும் முறையன்று. நூறாண்டு ஆராய்ச்சி எனும் சல்லடையில் உமியும் பதரும் போய் எஞ்சி நிற்கும் மணி யாது? என்ன காண்கிறான் என்பதைவிட எவ்வாறு காண்கிறான் என்பதே முதன்மை என்று ரோர்ஷாக் தொடக்கத்தில் கொண்ட கருத்தே அது. பின்வந்தோர் ஏற்றிய நனவிலி மனத்தின் மறைபொருள்களும் ஆளுமை ஆரூடங்களும் பெரும்பாலும் உதிர்ந்தன. புலன்காட்சியையும் சிந்தனையின் ஒழுங்கையும் காட்டும் கூறுகள் நின்றன.

ஆகவே உளவியல் பயிலும் மாணவர்கள் எந்தச் சோதனையைக் கையிலெடுத்தாலும் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்: இச்சோதனையின் எந்தக் குறி? எந்த நோக்கத்திற்கு? எந்த மக்களிடையே கண்ட சான்று? இம்மூன்றுக்கும் விடை பெறாமல் ஒருவருடைய மனத்தைப் பற்றித் தீர்ப்பெழுதுவது, எதிரில் அமர்ந்திருக்கும் மனிதரை விடுத்து மைத்தடத்தை நம்புவதாகவே முடியும்.